கூட்டு உரிமை வீட்டுக்கு உயில் செல்லாது
“உயில் எழுதிவிட்டால் வீடு நாம் நினைத்தவருக்கே போய்ச் சேரும்” என்று உயில் பற்றிய இந்தக் கட்டுரையில் உள்ளது. கூட்டு உரிமையில், அதாவது ஜாயின்ட் டெனன்சி முறையில் வாங்கிய வீட்டுக்கு இது பொருந்தவே பொருந்தாது. ஒருவர் இறந்தால் உயிரோடு இருப்பவருக்கே முழு வீடும் சேரும். உயிலில் என்ன எழுதியிருந்தாலும் சரி. சிங்கப்பூர் ஈசூனில் பெரியம்மாவோடு கூட்டு உரிமையில் வாங்கிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தம் பாதிப் பங்கு முதல் தாரத்து மகளுக்கு என்று என் பெரியப்பா உயில் எழுதி, அலமாரியில் பாஸ்போர்ட்டோடு பத்திரமாக வைத்திருந்தார். அவர் காலமானபின் அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி அந்த மகள், என் அக்கா, வழக்கறிஞர் அலுவலக வாசலில் நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. பெரியம்மாமீது குற்றமில்லை, சட்டம் அப்படி. வாங்கும்போதே ஆளுக்குப் பாதி என்று பங்கு பிரித்து, டெனன்சி இன் காமன் முறையில் பதிந்திருந்தால் அவர் பங்கு உயில்படி மகளுக்குப் போயிருக்கும். படிவத்தில் அந்த ஒரு வரியை யாரும் அவருக்கு விளக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். இதே கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், மத்திய சேம நிதி (சிபிஎஃப்) சேமிப்புப் பணத்தையும் உயிலில் எழுதலாம் என்கிறார். எழுதினாலும் பயனில்லை, அந்தப் பணம் யாருக்கு என்று தனியாக நியமனம் செய்ய வேண்டும், திருமணமானால் பழைய நியமனம் ரத்தாகிவிடும்.