ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம்

அமெரிக்காவில் நம்மவர்கள் கூடும் எந்தத் தீபாவளி விழாவுக்குப் போனாலும் இதே கதைதான். யாரும் பலகை வைப்பதில்லை, கயிறு கட்டுவதில்லை. ஆனாலும் ஐந்தே நிமிடத்தில் பட்டுப்புடவைகள் ஒரு பக்கம், குர்தாக்கள் மறுபக்கம். வார நாட்களில் அலுவலகத்தில் ஆண் பெண் பாராமல் ஒரே மேசையில் விவாதிப்பவர்கள்தான் இவர்கள். குர்தா மாட்டியதும் என்னதான் ஆகிவிடுகிறதோ!

ஆண்கள் பக்கத்துப் பேச்சு எனக்கு மனப்பாடம்: கிரீன் கார்டு வரிசை, வீட்டுக்கடன் வட்டி, கிரிக்கெட். போன விழாவில் அலுத்துப்போய், தட்டோடு பெண்கள் மேசையில் போய் உட்கார்ந்தேன். மருத்துவமனை இரவுப் பணியைப் பற்றி ஒருவர் சுவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டென்று நிறுத்திவிட்டார். "அண்ணா, சாம்பார் அங்கே இருக்கிறது" என்றார் இன்னொருவர், மிகுந்த மரியாதையோடு. சாம்பார் என் தட்டிலேயே இருந்தது. எழுந்து வந்தால் இந்தப் பக்கம் நமட்டுச் சிரிப்பு: "என்ன சார், அங்கே என்ன வேலை?"

கேட்டால் பண்பாடாம். 2023இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த குஜராத்தின் கர்பா நடனத்தில் ஆணும் பெண்ணும் ஒரே வட்டத்தில்தான் சுற்றுகிறார்கள். இங்கேயும் தாண்டியா என்ற குஜராத்திக் கோலாட்டம் ஆடுகிறோம். முடிந்ததும் கோலைப் பெட்டியில் போட்டுவிட்டு அவரவர் பக்கம் ஓடிவிடுகிறோம். பிள்ளைகள் மட்டும் எப்போதும் பெண்கள் பக்கம். "அம்மாவிடம் போ" என்று சொல்லிவிட்டு அப்பாக்கள் கிரிக்கெட்டைத் தொடர்கிறார்கள்.

பொங்கலுக்காவது சீட்டுக் குலுக்கி உட்கார வைக்கலாமே என்றேன். "இது குடும்ப விழா சார்" என்றார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காராத அது என்ன குடும்ப விழாவோ!