பாடையில போறவனும் பன்னிரண்டு பேரும்

அக்கா மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். போன வருஷம்தான் குடியுரிமை வாங்கினான். இந்த மாதம் ஜூரி டியூட்டிக்கு, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார, வரச் சொல்லி நீதிமன்றத்திலிருந்து கடிதம். போனான். நாலு கேள்வி கேட்டார்கள், ஒரு வக்கீல் எழுந்து இவன் வேண்டாம் என்றார். காரணம்? சொல்லத் தேவையில்லையாம். "ஒரு நாளோட தப்பிச்சேன் மாமா" என்று வாட்ஸ்அப்பில் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கே அரசுத் தரப்பும் எதிர்த்தரப்பும் ஆளுக்கு இத்தனை பேரைக் காரணமே சொல்லாமல் ஒதுக்கலாம். அதை வைத்துத்தான் கறுப்பர் மீதான வழக்குகளில் கறுப்பர்களை ஒவ்வொருவராகக் கழித்துக்கட்டி, முழு வெள்ளைக்கார ஜூரியை உட்கார வைத்தார்கள். கென்டக்கியில் பேட்சன் என்பவரின் வழக்கில் இருந்த நாலு கறுப்பரையும் அரசு வக்கீல் நீக்கினார். நிறம் பார்த்து நீக்கக் கூடாது என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, நின்றதா? மிசிசிப்பியில் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பரை ஒரே குற்றத்துக்காக ஆறு தடவை விசாரித்தார்கள். ஆறிலும் சேர்த்து அரசுத் தரப்பு நீக்கியிருக்கக்கூடிய கறுப்பர் 42 பேர், நீக்கியது 41 பேரை. அவர் குற்றவாளி என்ற தீர்ப்பு 2019இல்தான் ரத்தானது. நிறத்தைச் சொல்லக் கூடாது என்றால் வேறு காரணத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான்.

இவை எல்லாவற்றையும் விட என்னைக் குடைவது 1991இல் வந்த ஹெர்னாண்டஸ் வழக்கு. நியூயார்க்கில் நடந்தது. சாட்சிகள் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். ஜூரிக்கு வந்தவர்களில் ஸ்பானிஷ் தெரிந்த சிலரை அரசு வக்கீல் ஒதுக்கினார். மொழிபெயர்ப்பாளர் சொல்வதை விட்டுவிட்டுச் சாட்சி சொல்வதையே நேரடியாகக் கேட்டுக்கொள்வார்களோ என்ற சந்தேகமாம். உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. சாட்சி பேசுவது புரியும் என்பதே ஒருவரை வெளியே அனுப்பக் காரணம்!

அமெரிக்காவை மட்டும் சொல்வானேன். நம்ம பம்பாய் ஹைகோர்ட்டில் 1908இல் திலகர் மீது ராஜத்துரோக வழக்கு. தன் கேசரி பத்திரிகையில் அவர் மராத்தியில் எழுதிய கட்டுரைகள்தான் குற்றம். ஸ்பெஷல் ஜூரி வேண்டாம், அதில் மராத்தி தெரியாத ஐரோப்பியர்களே நிரம்புவார்கள் என்று அவர் தரப்பு வக்கீல் ஜோசப் பாப்டிஸ்டா வாதாடிப் பார்த்தார். நீதிபதி தாவர் கேட்கவில்லை. (இதே தாவர் 1897 வழக்கில் திலகருக்கு ஜாமீன் கேட்ட வக்கீல். நாற்காலி செய்கிற வேலை!) ஏழு ஐரோப்பியர், இரண்டு பார்சி. மொழிபெயர்ப்பே தப்பு என்று திலகர் நாள்கணக்கில் பேசினார். முடிவு ஏழுக்கு இரண்டு, ஆறு வருஷம் பர்மாவில் மண்டலே சிறை. இந்த ஊர் மில் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலையை நிறுத்தினார்கள்.

இப்போது எங்கள் ஆச்சி கதைக்கு வருகிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால், தாராவியில், குழாயடியில். வரிசையில் வைத்திருந்த குடத்தை ஒருத்தன் காலால் தள்ளிவிட்டான். ஆச்சி திருநெல்வேலிக்காரி, விடுவாளா? "எண்ணி எட்டு நாள்ல பாடையில போவ" என்று மண்ணை வாரித் தூற்றினாள். அவன் நேரே போலீசில் போய்க் கொலை மிரட்டல் என்று சொல்லிவிட்டான். ஸ்டேஷனில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. டீ கொண்டுவந்த பையனுக்கு அரைகுறையாகத் தெரியும். அவன் இந்தியில் சொன்னான்: "எட்டு நாளில் இவனைப் பிணமாக்குவேன் என்கிறாள்." அது மராத்தியில் எழுத்தாகிவிட்டது. தேதி குறித்துக் கொலை செய்யப்போகிற எழுபது வயதுக் கிழவி!

ஜூரியில் எல்லாச் சமூகத்துக்கும் பிரதிநிதித்துவம் என்றதும் நம்ம ஆட்களே, "சொந்த ஆளை உள்ளே வைத்தால் சொந்த ஆளை விட்டுவிடுவான்" என்கிறார்கள். மனைவியின் காதலனைச் சுட்ட பார்சி கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கை இழுப்பார்கள். 1959இல் இந்த ஊர் ஜூரியில் ஒன்பது பேரில் எட்டுப் பேர் குற்றமற்றவர் என்றதும், ஹைகோர்ட் அதைப் புரட்டிப்போட்டதும் உண்மைதான். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரியே ஒழிந்தது. பார்சிகளின் திருமண வழக்குகளில் மட்டும் அந்தச் சமூகத்தவர் ஐந்து பேர் நீதிபதியோடு இன்னும் உட்காருகிறார்கள். ஜூரியைத் திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டு பேரை உட்கார வைக்கிற ஊரில், சாட்சி சொல்வது வசவா மிரட்டலா என்று தெரிந்தவர் ஒருவராவது இருக்கட்டும் என்கிறேன். இங்கிலாந்து காரணம் சொல்லாமல் நீக்கும் உரிமையை 1988 சட்டத்திலேயே எடுத்துவிட்டது. கனடா 2019இல் எடுத்தது, அரிசோனாவில் 2022 முதல் இல்லை. அங்கெல்லாம் வானம் இடிந்து விழவில்லை.

அப்புறம் ஆச்சி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். எதிர்வீட்டு மௌஷி (மராத்தியில் சித்தி) பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். ஹவல்தாரைப் பார்த்து மராத்தியில் ஒரே கேள்வி: "உங்க அம்மா உங்களை 'மேல்யா'ன்னு திட்டினதே இல்லையா? அவங்க மேல கேஸ் போட்டீங்களா?" மேல்யா என்றால் செத்தவனே. மராத்தி வீடுகளில் பிள்ளைகளைத் தினம் நாலு தடவை சொல்வது. ஹவல்தாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழவியைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் ஆச்சி கேட்டாள், "அவ்வளவு பேருக்கும் புரியாதது அவளுக்கு மட்டும் எப்பிடிலே புரிஞ்சுது?"

"அவளும் நம்ம குழாயிலதான ஆச்சி தண்ணி பிடிக்கா."