வண்டியை ஒரு தடவையாவது திருப்பிப் பார்த்துவிட்டு வேலையை ஒப்படையுங்கள்!

கேமில் ஒரு பொருள், அதன் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமாக நகர வேண்டும். கேட்பது அவ்வளவுதான். பெங்களூரில் எந்த கேம் ஸ்டூடியோவுக்குப் போனாலும், எந்த புராஜெக்ட்டைத் திறந்தாலும், இந்த ஒரு விஷயத்தில்தான் நம்ம ஆட்கள் உயிரை வாங்குகிறார்கள்.

இந்த வாரமும் அதே கதை. கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் ஒரு ஆட்டோ ஓட்டும் கேம். புதிதாகச் சேர்ந்த சேலத்துத் தம்பி முகம் வாடி வந்து நிற்கிறான். "அண்ணா, நேரா போறப்ப நல்லாத்தான் போகுது. சில்க் போர்டு லெவல்ல திருப்பினா மட்டும் கோணலா இழுக்குது." திறந்தால் அதே பழைய வரி. பொருளை நகர்த்தும் டிரான்ஸ்லேட் ஃபங்ஷனுக்குள், அதன் முன்பக்கத் திசையைத் தரும் டிரான்ஸ்ஃபார்ம்.ஃபார்வர்ட். அவன் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. அவன் பார்த்த வீடியோவில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கோபமெல்லாம் அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேலும், அதைப் பார்த்து 'ஓகே' போட்ட சீனியர்கள் மேலும்தான்.

டிரான்ஸ்ஃபார்ம்.ஃபார்வர்ட் தருவது உலக அச்சில், அதாவது கேம் உலகத்தின் மாறாத திசைகளை வைத்து, கணக்கிட்ட திசை. வண்டியின் திருப்பம் அதில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. டிரான்ஸ்லேட்டோ, நாம் எதுவும் சொல்லாவிட்டால், கொடுத்த திசையை வண்டியின் சொந்த அச்சில், அதாவது வண்டியோடு சேர்ந்து திரும்பும் திசைகளில், இருப்பதாக எடுத்துக்கொண்டு இன்னொரு முறை திருப்பும். வண்டி 30 டிகிரி திரும்பியிருந்தால் 60 டிகிரியில் ஓடும். 90 டிகிரி திரும்பினால் நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும். 180 என்றால் முழுசாக ரிவர்ஸ். பூஜ்யத்தில் மட்டும் எல்லாம் சரியாகத் தெரியும், ஏனென்றால் பூஜ்யத்தை எத்தனை முறை கூட்டினாலும் பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யத்தில் வைத்து டெஸ்ட் செய்துவிட்டு 'முடிந்தது' என்று டிக்கெட்டை மூடுகிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திருத்தம் அரை வரி. டிரான்ஸ்லேட்டுக்கு, வண்டியின் திருப்பம் சேராத வெக்டர்3.ஃபார்வர்ட் கொடுங்கள். இல்லையா, ஸ்பேஸ்.வேர்ல்ட், அதாவது கொடுத்த திசை உலக அச்சில்தான் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இரண்டில் எதுவாக இருந்தாலும் சரி, யோசித்துச் செய்யுங்கள். பொருளை விசையால் தள்ளி நகர்த்தும் ரிஜிட்பாடி பக்கமும் இதே கூத்துதான். ஆட்ஃபோர்ஸ் உலக அச்சில் தள்ளும், ஆட்ரிலேட்டிவ்ஃபோர்ஸ் சொந்த அச்சில் தள்ளும். லோக்கல்பொசிஷனை மாற்றினால் பொருள் தன் பேரன்ட்டின், அதாவது தன்னை உள்ளே வைத்திருக்கும் பொருளின், அச்சில் நகரும், தன் சொந்த அச்சில் நகராது. இதெல்லாம் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. படிக்க ஐந்து நிமிடம் ஆகுமா?

அப்புறம் மாடல் விவகாரம். 3டி மாடல் செய்யும் மென்பொருளான பிளெண்டரில் இசட் அச்சு மேல்நோக்கி இருக்கும், யூனிட்டியில் ஒய் மேல்நோக்கி இருக்கும். இன்னொரு கேம் மென்பொருளான அன்ரியலில் இசட் மேலே, எக்ஸ் முன்னால். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. அது அவரவர் தேர்வு, அதில் சண்டை இல்லை. ஆனால் பிளெண்டரில் செய்த மாடல் எஃப்.பி.எக்ஸ். கோப்பாக யூனிட்டிக்குள் வரும்போது எக்ஸ் அச்சில் மைனஸ் 90 டிகிரியோடு வந்து உட்கார்கிறதே, அதைப் பார்த்துவிட்டும் எப்படி விட்டுவிட மனசு வருகிறது? அந்தப் பொருளிலேயே ஸ்கிரிப்ட்டை மாட்டி 'முன்னால் போ' என்றால் ஆட்டோ ஆகாயத்துக்குப் போகிறது. உடனே ஒருவர் ஃபார்வர்டை எடுத்துவிட்டு 'அப்' (மேல்பக்கத் திசை) என்று மாற்றுகிறார். இன்னொருவர் முன்னால் ஒரு மைனஸ் குறி போடுகிறார். ஆறு மாதம் கழித்து ஆர்ட் டீம் மாடலைச் சரியாக ஏற்றுமதி செய்தால், அந்த மைனஸ் குறிகள் எல்லாம் சேர்ந்து மொத்த கேமையும் கவிழ்க்கின்றன. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து அதைத் தேடுவது யார்? அந்தச் சேலத்துத் தம்பிதான். மைனஸ் போட்டவர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

ஒரு காலி ஆப்ஜெக்ட்டைப் பேரன்ட்டாக வையுங்கள், மாடலை அதற்குள் திருப்பி வையுங்கள், ஸ்கிரிப்ட்டைப் பேரன்ட்டில் மாட்டுங்கள். அல்லது இம்போர்ட் அமைப்பிலேயே அச்சு மாற்றத்தை பேக் செய்து, அதாவது மாடலுக்குள்ளேயே நிரந்தரமாகச் சேர்த்து, விடுங்கள். நின்ற இடத்தில் முடிகிற வேலை.

எங்கள் டீமில் இனி ஒரே விதி. டெஸ்ட் சீனில் எந்த வண்டியும் பூஜ்யத்தில் நிற்கக் கூடாது. 37 டிகிரி திருப்பி, மேட்டில் ஏற்றி, சாய்ந்த பேரன்ட்டுக்குள்ளும் போட்டு ஓட்டிக் காட்டுங்கள். அது இல்லாமல் ரிவியூவுக்கு வந்தால், எவ்வளவு சீனியராக இருந்தாலும் திருப்பி அனுப்புவேன்.