வாழ்க்கையின் நோக்கம் (20 சொற்களுக்கு மேற்படாமல்)

மாசி மாதத்துக் காலை. பரந்தன் – முல்லைத்தீவு றோட்டு, முரசுமோட்டைப் பக்கம். காலபோக வெட்டு முடிந்த கையோடு றோட்டின் ஒரு கரை நீளத்துக்கு நெல். சட்டப்படி றோட்டு வாகனங்களுக்குரியது. மாசியில் சட்டத்தையும் சேர்த்துத்தான் நாங்கள் காயப்போடுவோம். ஒட்டுப்போட்ட பழைய தறப்பாள் ஒன்றில் பரப்பிய நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு நடக்கிறா அக்கா. 60 தாண்டியவ. பூவரச நிழலில் ஒரு படிவத்தை மடியில் வைத்தபடி தங்கச்சி. கூடப் பிறந்தவர்கள் அல்ல. 2009இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்த செட்டிக்குளம் முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கூடாரம், அவ்வளவுதான்.

தங்கச்சி: எணை அக்கா, உங்கடை நோக்கம் என்ன?

அக்கா: இந்த நெல்லுக் காயோணும். ஏன்?

தங்கச்சி: நெல்லைக் கேக்கேல்லை. வாழ்க்கையைக் கேட்டனான். மொத்தமா.

அக்கா: மொத்தமா எண்டா 22 மூடை.

தங்கச்சி: பகிடி விடாதையுங்கோ. நேற்றுக் கிளிநொச்சியிலை செயலமர்வு எண்டு போனனானெல்லே? அங்கை ஒரு வளவாளர் வந்தவர்.

அக்கா: ஆற்றை வளவு பாக்க?

தங்கச்சி: வளவு பாக்கிறவர் இல்லையெணை, வளவாளர். படிப்பிக்கிற ஆள். நல்ல பெடியன். ஒரு பந்தை எறிஞ்சு எங்களைப் பிடிக்கச் சொன்னவர். பந்து ஆரிட்டை வருதோ அவ எழும்பித் தன்ரை வாழ்க்கையின்ரை நோக்கத்தைச் சொல்லோணும்.

அக்கா: பிடிச்சனியோ?

தங்கச்சி: நான் குனிஞ்சிட்டன். பின்னாலை இருந்த ஆச்சியின்ரை மடியிலை போய் விழுந்தது. அவ எழும்பி, "எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லைத் தம்பி, ஆடு குடுக்கினமாம் எண்டு சொல்லிச்சினம், வந்தனான்" எண்டிட்டா.

அக்கா: அந்தக் கூட்டத்திலை நோக்கம் இருந்த ஒரேயொரு ஆள் அவதான்.

தங்கச்சி: அதுதான் இப்ப பிரச்சினை. திங்கக்கிழமைக்கிடையிலை இந்தப் படிவத்தை நிரப்பிக் குடுத்தால்தான் ஆடு. முதல் கேள்வியே உதுதான். "வாழ்க்கையின் நோக்கம். 20 சொற்களுக்கு மேற்படாமல்."

அக்கா: போனமுறை கோழிக்குஞ்சு தரேக்கை இப்பிடி ஒண்டும் கேக்கேல்லையே.

தங்கச்சி: கேக்காமல் குடுத்ததாலைதானாம் குஞ்சொண்டும் தப்பேல்லை.

அக்கா: என்ரை பத்துக் குஞ்சையும் பிடிச்ச கீரிக்கு நோக்கம் இருந்தது பிள்ளை. நல்ல தெளிவான நோக்கம். அதைக் கூப்பிட்டுப் பந்தை எறிஞ்சிருந்தால் ஒரே பிடி.

(முல்லைத்தீவு பஸ் ஒன்று நெல்லின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் கோன் அடித்துக்கொண்டு போகிறது. அக்கா சிதறிய மணிகளைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, பஸ்சின் முதுகைப் பார்த்து ஏதோ சொல்கிறா. அதை இங்கே எழுத முடியாது.)

அக்கா: பிள்ளையளைப் படிப்பிச்சு ஆளாக்கிறது எண்டு எழுதிவிடன்.

தங்கச்சி: பக்கத்திலை இருந்தவ அதைத்தான் சொன்னவ. அது கடமையாம். நோக்கம் வேறையாம்.

அக்கா: ரெண்டுக்கும் என்ன வித்தியாசமாம்?

தங்கச்சி: நானும் கேட்டனான். அதுக்கிடையிலை ரோல்ஸ் வந்திட்டுது.

அக்கா: உதுக்கெல்லாம் எங்கடை பழைய ஆக்கள் எப்பவோ கணக்கு முடிச்சிட்டினம். அறம், பொருள், இன்பம், வீடு. நாலே நாலு. அதிலை நாலாவது எனக்குக் கிடைச்சிட்டுது.

தங்கச்சி: வீடுபேறோ? அது செத்தாப் பிறகெல்லே?

அக்கா: வீட்டுத்திட்டம். 5 லட்சத்து 50 ஆயிரம், தவணை தவணையா. பூச்சுவேலை இன்னும் மிச்சம் கிடக்கு. மோட்சத்துக்குப் போனாலும் பூச்சு நாங்கள்தான் பூசோணும் போலை.

தங்கச்சி: அப்ப மற்ற மூண்டும்?

அக்கா: பொருள் இந்தா கிடக்கு, ஈரம் இழுக்கேல்லை. இன்பம் உன்ரை கொத்தான் இருக்கேக்கை எப்பன் இருந்தது, அதுவும் அவர் குறட்டை விடாத நாளிலை. அறம் செய்யிறதெண்டால் முதல் நெல்லு விக்கோணும். (ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்க்கிறா.) இன்னும் நசியுது. ஈரம் கூடினால் அரசாங்கம் லேசிலை எடுக்காது. தனியார் எடுப்பான், ஆனால் அந்த விலையைக் கேட்டால் எனக்கு நோக்கமே மாறிப்போகும்.

தங்கச்சி: வளவாளர் ஒரு கத்திக் கதை சொன்னவரெணை. பிரெஞ்சுத் தத்துவஞானி ஒருத்தர். சார்த்தர்.

அக்கா: சாத்திரியாரோ?

தங்கச்சி: சார்த்தர்! 1945இலை பாரிசிலை ஒரு கூட்டத்திலை பேசினவராம்.

அக்கா: பாரிசிலையோ? லாசப்பல் பக்கமோ?

தங்கச்சி: அப்ப லாசப்பலிலை எங்கடை ஆக்கள் ஆர் இருந்தது? கேளுங்கோவன். கடதாசி வெட்டுற கத்தியைச் செய்யிறவன், அது என்னத்துக்கு எண்டு முதலே யோசிச்சுப்போட்டுத்தானே செய்யிறான்? கத்திக்கு நோக்கம் முன்னுக்கு, கத்தி பின்னுக்கு. மனிசன் அப்பிடியில்லையாம். முதல் வந்து பிறந்திடுறான். என்னத்துக்கு எண்டதைப் பிறகு தான்தானே தீர்மானிக்கோணுமாம்.

அக்கா: மனிசன்ரை பக்கம் சரி. மற்றப் பக்கத்தை அவர் வடிவாப் பாக்கேல்லை.

தங்கச்சி: எந்தப் பக்கம்?

அக்கா: கத்திப் பக்கம். இந்தத் தறப்பாளைப் பார். கூரைக்கெண்டு செய்தது. நீலத்திலை யூஎன்காரரின்ரை எழுத்து இருந்தது, இப்ப தேய்ஞ்சு போச்சு. முகாமிலை எங்களுக்குக் கூரைதான், சரி. 2010இலை திரும்பி வரேக்கை சுருட்டிக்கொண்டு வந்தனான். கொஞ்ச நாள் கொட்டிலுக்குக் கூரை. வீடு வந்தோடனை கக்கூசுக்கு மறைப்பு. கக்கூசுக்குச் சுவர் வந்தோடனை கிணத்தடிக்கு மறைப்பு. பேத்தியின்ரை சாமத்தியவீட்டிலை பந்தல் ஒழுக, மேலை ஏத்தினது. பிறகு மாட்டுக்கொட்டில். மாடு வித்தாப் பிறகு மூண்டு வரியம் அறைக்குள்ளை சுருண்டு கிடந்தது. இப்ப நெல்லு. செய்தவன் இதிலை ஒண்டையாவது யோசிச்சிருப்பானே?

தங்கச்சி: அப்ப தறப்பாளும் மனிசன் மாதிரித்தான் எண்டுறியளோ?

அக்கா: மனிசனைவிடத் திறம். அறைக்குள்ளை கிடந்த மூண்டு வரியமும் "என்னை என்னத்துக்குச் செய்தவங்கள்" எண்டு கேட்டு அது என்ரை நித்திரையைக் குழப்பேல்லை.

(தங்கச்சி சிரிக்கவில்லை. படிவத்தின் மூலையை மடிக்கிறா, நீட்டுகிறா, மடிக்கிறா.)

தங்கச்சி: இன்னொரு டொக்ரரின்ரை கதையும் சொன்னவர். பிராங்கில் எண்டு, வியன்னா ஆள். யூதர். 1942இலை ஹிட்லரின்ரை ஆக்கள் பிடிச்சுக்கொண்டுபோய், நாலு முகாமிலை மாறி மாறி மூண்டு வரியம் வைச்சிருந்தவங்களாம். தாய், தேப்பன், மனிசி, சகோதரன் எல்லாரும் போச்சினம். எழுதி வைச்சிருந்த புத்தகத்தைக் கோட்டுக்குள்ளை தைச்சுக்கொண்டு போனவராம். அதையும் பறிச்சிட்டாங்கள்.

அக்கா: பிறகு?

தங்கச்சி: துண்டுக் கடதாசியிலை திருப்பி எழுதத் தொடங்கினவராம். அவர் சொல்லுறார், வாழ்க்கையைப் பாத்து "உனக்கு என்ன அர்த்தம்" எண்டு நாங்கள் கேக்கிறேல்லையாம். வாழ்க்கைதான் எங்களைக் கேக்குதாம். பதில் சொல்லுறதுதான் எங்கடை வேலையாம்.

(நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த கால் நிற்கிறது.)

அக்கா: அவர் சொல்லலாம்.

தங்கச்சி: ஏன், மற்றவை சொல்லப்படாதோ?

அக்கா: அவர் வரிசையிலை நிண்ட ஆள். ரோல்சுக்கும் பால் ரீக்கும் நடுவிலை யோசிச்சுச் சொல்லேல்லை. சரியாத்தான் சொல்லியிருக்கிறார். செட்டிக்குளத்திலை வாழ்க்கை எங்களை என்ன கேட்டது? "தண்ணி பவுசர் வருகுது, வாளி எங்கை?" எண்டு கேட்டது. நான் ஓடிப்போய்ப் பதில் சொன்னனான்.

தங்கச்சி: நீங்கள் எங்கை பதில் சொன்னனீங்கள்? என்ரை வாளியைக் காலாலை தட்டிவிட்டிட்டு முன்னுக்குப் போய் நிண்டனீங்கள்.

அக்கா: அது கால் தவறிப் பட்டது.

தங்கச்சி: மூண்டு நாள் தொடந்து தவறினதோ?

அக்கா: நாலாம் நாள் உனக்கும் சேர்த்துப் பிடிச்சுத் தந்தனானெல்லே? அதைச் சொல்லமாட்டாய்.

தங்கச்சி: அரை வாளி.

அக்கா: அரை வாளியெண்டாலும் 2009இன்ரை அரை வாளி. இப்பத்தைய கணக்கிலை பார்.

(ஒரு லான்ட்மாஸ்ரர் தடதடத்துப் போகிறது. அந்தச் சத்தம் அடங்கும்வரை ஒருவரும் கதைக்கவில்லை. அடங்கின பிறகும் கொஞ்ச நேரம்.)

தங்கச்சி: பந்து வரேக்கை நான் வெக்கத்திலை குனியேல்லை அக்கா.

அக்கா: தெரியும். நீ வெக்கப்படுற ஆளில்லை.

தங்கச்சி: சொல்ல ஒண்டும் வரேல்லை. மூத்தவன் கனடாவிலை. சின்னவள் வவுனியாக் கம்பசுக்குப் போயிட்டாள். பழக்கத்திலை விடிய நாலு மணிக்கு முழிப்பு வந்திடுது. ஆருக்குப் புட்டு அவிக்கிறது? எழும்பியிருந்து அடுப்பைப் பாக்கிறன். அடுப்பு என்னைப் பாக்குது.

அக்கா: எத்தினை நாளா?

தங்கச்சி: தை பிறந்ததிலையிருந்து.

அக்கா: ஒண்டரை மாசமா நாலு மணிக்கு எழும்பி அடுப்போடை குந்திக்கொண்டிருக்கிறாய்! நான் இஞ்சை தனியாளா மூடை இழுத்து நாரி முறிஞ்சுபோய் நிக்கிறன்! உனக்கு மனச்சாட்சி இருக்கே?

தங்கச்சி: நீங்கள் கேக்கேல்லையே.

அக்கா: வாழ்க்கைதான் கேக்கும் எண்டு அந்த டொக்ரர் சொன்னவரெல்லே? நாளைக்கு நாலரைக்கு வா. புட்டையும் அவிச்சுக்கொண்டு வா. ரெண்டு பேருக்கு. கூலி தரமாட்டன்.

தங்கச்சி: சம்பலோ, கறியோ?

அக்கா: கத்தரிக்காய்க் குழம்பு. சரி, கொண்டா அந்தப் படிவத்தை. இதை நிரப்பத் தெரிஞ்ச மனிசன் ஒருத்தர் முந்தி இஞ்சை இருந்தவர்.

தங்கச்சி: ஆர், கிராம சேவையாளரோ?

அக்கா: யோகர் சுவாமி.

தங்கச்சி: யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறை யோகர் சுவாமியோ? அவருக்கும் கிளிநொச்சிக்கும் என்ன?

அக்கா: சாமியாரா வாறதுக்கு முதல் அவர் இரணமடுக் குள வேலையிலை ஸ்ரோர்கீப்பர். எங்கடை அப்பு சொல்லுறவர். மண்வெட்டி எத்தினை, அலவாங்கு எத்தினை எண்டு எழுதின கை. அவற்றை வாயிலை எந்த நேரமும் நாலு வசனம் இருந்தது, குரு செல்லப்பாச் சுவாமியிட்டைக் கேட்டது. அந்த நாலும் உந்தப் படிவத்துக்கெண்டே சொன்ன மாதிரி. ஒவ்வொண்டா வாசி.

தங்கச்சி: "வாழ்க்கையின் நோக்கம்."

அக்கா: "நாமறியோம்." எழுது.

தங்கச்சி: ஒரு சொல்லோ? 20 தந்திருக்கினம்.

அக்கா: மிச்சம் 19ஐயும் திருப்பிக் குடு. அதுகள் வேறை ஆருக்கும் உதவும். அடுத்தது?

தங்கச்சி: "அடுத்த 5 வருடங்களுக்குள் செய்து முடிக்க எண்ணியுள்ள காரியம்."

அக்கா: "எப்பவோ முடிஞ்ச காரியம்."

தங்கச்சி: அக்கா!

அக்கா: எழுதெடி. 2007இலை ஒருத்தன் வந்து உதே கேள்வியைக் கேட்டிருந்தால், வீட்டுக்கு ஓடு போட்டு முடிச்சிருப்பன் எண்டு எழுதியிருப்பன். ரெண்டு வரியத்திலை இந்தத் தறப்பாளுக்குக் கீழை இருந்தனான். அஞ்சு வருசத் திட்டத்தைப் பற்றி வன்னியிலை கேக்கிறவன் வெளியூர் ஆளாத்தான் இருக்கோணும்.

தங்கச்சி: மூண்டாவது. "நீங்கள் எதிர்நோக்கும் பாதிப்புக்கள், சவால்கள்."

அக்கா: "ஒரு பொல்லாப்புமில்லை."

தங்கச்சி: அது சரிவராது! பாதிப்பு இல்லாத ஆளுக்கு ஆர் ஆடு தருவினம்? போனமுறை நான் ரெண்டு பாதிப்பு எழுதினதுக்குத்தான் பத்துக் குஞ்சு. நாலு எழுதினவவுக்குத் தையல் மெசின்.

அக்கா: (யோசித்து) அதிலை கொஞ்சம் இடம் விட்டு எழுது. பிறகு தேவைப்பட்டால் பொல்லாப்புச் சேக்கலாம்.

தங்கச்சி: கடைசி. "மேலே தரப்பட்ட விபரங்கள் யாவும்..." எண்டு கிடக்கு, பிறகு ஒரு கோடு, கையெழுத்து.

அக்கா: பாத்தியே? அதுக்கும் அவர் சொல்லி வைச்சிட்டுப் போயிட்டார். "முழுதும் உண்மை."

(தங்கச்சி எழுதிவிட்டு, படிவத்தைத் தள்ளிப் பிடித்து ஒருமுறை வாசித்துப் பார்க்கிறா. முகத்தில் சிரிப்பா பயமா தெரியவில்லை.)

தங்கச்சி: அக்கா, உண்மையாச் சொல்லுங்கோ. உதைக் கொண்டுபோய்க் குடுத்தால் ஆடு தருவினமே?

அக்கா: நாமறியோம். எழும்பு, அந்தக் கரை இன்னும் கிளறேல்லை.