கூப்பன் போகிற வழியில் கூட்டம் போகிறது

துபாயில் இன்று ராத்திரி எந்த பாருக்குப் போகலாம் என்பதை இப்போது நண்பர்கள் முடிவு செய்வதில்லை. போனில் இருக்கிற, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்கிற கூப்பன் முடிவு செய்கிறது. ரொம்ப நாளாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்ததை இன்று எழுதிவிடுகிறேன். குடிக்கலாமா கூடாதா என்ற விவாதத்தை இங்கே தொடங்க வேண்டாம். ஊரையும் குடும்பத்தையும் விட்டு வந்து தனியாக இருக்கிறவர்கள் வேலை முடிந்த பிறகு எங்கே போய் மனுஷ முகம் பார்க்கிறார்கள் என்பதுதான் என் கவலை. அதனால் குடிக்காதவர்களும் படியுங்கள்.

இந்த ஊர் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. நம் ஊர் டாஸ்மாக் மாதிரி தெருவுக்குத் தெரு இங்கே பார் கிடையாது. பார் லைசென்ஸ் பெரும்பாலும் ஹோட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும்தான். பர் துபாய் பேங்க் ஸ்ட்ரீட்டிலும் தேராவில் ரிக்கா பக்கத்திலும் இருக்கிற சின்ன ஹோட்டல்களுக்குள் போனால், ஒரே கட்டடத்தில் மலையாளிகளுக்கு ஒரு பார், தமிழ் பாட்டு ஓடுகிற பார் ஒன்று, பிலிப்பினோக்களுக்கு ஒன்று, ஆப்பிரிக்கர்களுக்கு ஒன்று என்று மாடிக்கு மாடி இருக்கும். வெள்ளைக்காரர்களுக்கு கர்ஹூதில் 1996-இல் திறந்த ஐரிஷ் வில்லேஜ் போன்ற இடங்கள், கடற்கரை ஹோட்டல்கள். பக்கத்து ஷார்ஜாவில் 1985-இலிருந்தே மதுவுக்குத் தடை. ஆனால் வாடகை குறைவு என்பதால் நம் ஆட்கள் ஏகப்பட்ட பேர் ஷார்ஜாவில் தங்கி துபாய்க்கு வேலைக்கு வருகிறார்கள்.

நான் வந்தது 2000-களின் கடைசியில், விசிட் விசாவில். கராமா ஏரியாவில் பெட் ஸ்பேஸ், அதாவது கட்டில் மட்டும் வாடகைக்கு. ரூமில் கட்டிலுக்கு மேல் கட்டில், நடுவில் நின்று பேச இடமில்லை. பேச வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும், வெயில் காலத்தில் வெளியே நிற்கவும் முடியாது. அப்போது வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வியாழக்கிழமை ராத்திரி எல்லோரும் வந்து சேருகிற இடம் பார்தான். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எந்தக் கம்பெனி சம்பளத்தை இழுத்தடிக்கிறது, எந்த பில்டிங்கில் கட்டில் காலியாகிறது, அடுத்த வாரம் ஊருக்குப் போகிறவர் யார், அவர் லக்கேஜில் அம்மாவுக்கு ஒரு பார்சல் போட இடம் இருக்குமா என்று சகலமும் அங்கேதான் பேசப்படும். குடிக்காத ஆள்கூட ஒரு செவன் அப்பை வைத்துக்கொண்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். 2009-இல் கட்டுமானக் கம்பெனிகள் கொத்துக் கொத்தாக ஆட்களைத் திருப்பி அனுப்பியபோது, வேலை போனவர்களில் சிலர் விசா முடிவதற்குள் இன்னொரு வேலையைப் பிடித்தது இந்த மேசைகளில் நடந்த பேச்சில்தான். பயோடேட்டாவை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார்கள். "தம்பி, கொடு, எங்க சைட் இன்ஜினியர்கிட்ட தர்றேன்" என்று வாங்கிக்கொள்கிறவர் அன்றைக்குத்தான் அறிமுகமானவராக இருப்பார்.

அறிமுகம் எப்படி நடந்தது என்றால், எல்லோரும் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்ததால். வேறு ரகசியம் எதுவும் இல்லை. மூன்றாவது தடவை பார்க்கிற முகத்துக்குத் தலையசைப்போம், ஐந்தாவது தடவை பெயர் கேட்போம்.

கூப்பன் உடைத்தது இதைத்தான்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்கிற வியாபாரம் துபாயில் போனுக்கு முன்பே இருந்தது. என்டர்டெய்னர் என்று தடித்த கூப்பன் புத்தகம் 2001-இல் இங்கேதான் தொடங்கியது. குடும்பஸ்தர்கள் வருஷத்துக்கு ஒன்று வாங்கி காரில் போட்டு வைத்திருப்பார்கள், எப்போதாவது ஞாபகம் வந்தால் ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுப்பார்கள். அந்தப் புத்தகம் ஆப் ஆனது. பின்னாலேயே அதே மாதிரி இன்னும் பல வந்தன. புத்தகம் நாமாகத் திறக்கிற வரை சும்மா கிடக்கும். ஆப் அப்படியா? சாயங்காலமானால் நாம் நிற்கிற இடத்தைப் பார்த்து, பக்கத்தில் எங்கெங்கே இலவசம் என்று அதுவே கூப்பிடுகிறது. ஒரு இடத்தில் கூப்பன் தீர்ந்துவிட்டால் அடுத்த வாரம் வேறு இடம். பைண்ட் பீர் 50 திர்ஹாமைத் தாண்டுகிற பார்கள் நிறைய இருக்கிற ஊரில் இப்படிப் போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அதிலும் மதுவுக்கு 2023 ஜனவரியில் நீக்கிய 30 சதவீத வரியை 2025 ஜனவரியில் திரும்பக் கொண்டுவந்த பிறகு, கூப்பன் இல்லாமல் கிளம்புவது கட்டுப்படியாகாது என்று ஆபீஸில் எல்லோருமே சொல்கிறார்கள்.

ஆனால் அந்த இலவச கிளாஸுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாம் கட்டுகிற சந்தா ஆப் கம்பெனிக்குப் போகிறது. ரெண்டாவது கிளாஸின் செலவு பார் தலையில் விழுகிறது. பார் அதைத் தாங்குவதற்கு மெனுவில் விலையை ஏற்றி வைக்கிறது. அந்த ஏற்றிய விலையை முழுசாகக் கட்டுகிறவன் ஆப் இல்லாதவன். சந்தா கட்ட கிரெடிட் கார்டு இல்லாதவன், ஆங்கில ஆப்பில் நுழைந்து தேடத் தெரியாதவன், மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் வந்து ஒரு பீரோடு எழுந்து போகிறவன். அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து வருகிற மேஸ்திரி, துபாய் மெரினாவில் ஃப்ளாட் எடுத்திருக்கிற மேனேஜரின் இலவச கிளாஸில் ஒரு பங்கைக் கட்டுகிறார். அநியாயம் என்று சொல்ல இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

அடுத்தது டிப்ஸ். இதை யாரும் பேசுவதே இல்லை. இங்கே பார்களில் பரிமாறுகிறவர்கள் நேபாளிகள், பிலிப்பினோக்கள், கென்யாக்காரர்கள், இலங்கைக்காரர்கள், நம்மூர்ப் பிள்ளைகள். அடிப்படைச் சம்பளம் சின்னது, டிப்ஸை நம்பித்தான் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். நாலு பேர் உட்கார்ந்து எட்டு கிளாஸ் குடித்தால் அவர் எட்டு கிளாஸ் சுமக்கிறார், பில் நாலு கிளாஸுக்கு வருகிறது. டிப்ஸ் அந்த நாலுக்குத்தான் வைக்கப்படுகிறது. அதையும் இப்போது பெரும்பாலும் கார்டில் தேய்த்துவிடுகிறோம். அது அவர் கைக்குப் போகிறதா, எப்போது போகிறது, எவ்வளவு போகிறது என்று நமக்குத் தெரியாது. கோவிட் முடிந்து பார்கள் திறந்தபோது மெனு அட்டை போய் கியூஆர் கோடு வந்தது. "என்ன சாப்பிடறீங்கண்ணே, சிக்ஸ்டி ஃபைவ் இன்னைக்கு நல்லா இருக்கு" என்று அவர் பேச்சைத் தொடங்குவதற்கு இருந்த ஒரு சாக்கும் போனது. பெயரே தெரியாத ஒருவருக்கு டிப்ஸ் குறைவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

வெள்ளைக்காரர்களின் பப்களிலும் இதே கதைதான் என்று என் ஆபீஸ் ஸ்காட்லாந்துக்காரர் வருத்தப்படுகிறார். அவர்களுக்கு வாரம் ஒரு ராத்திரி குவிஸ் இருக்கும். யாரென்றே தெரியாதவர்களை ஒரே டீமில் சேர்த்து உட்கார வைப்பார்கள், புதிதாக ஊருக்கு வந்தவர்களுக்கு நண்பர்கள் கிடைத்தது அப்படித்தான். இப்போது மேசைக்கு அடியில் போனில் விடை தேடுகிறார்கள் என்பதால் குவிஸுக்கே ருசி போய்விட்டது என்கிறார்.

இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்துவது இன்னொன்று. 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், துபாயில் லைசென்ஸ் உள்ள ரெண்டு மதுபானக் கம்பெனிகள் சேர்ந்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஆன்லைன் சேவையைத் தொடங்கின. 2023-இலிருந்து மது வாங்க ஒவ்வொருவரும் எடுக்க வேண்டிய லைசென்ஸும் இலவசம். 21 வயது நிரம்பிய முஸ்லிம் அல்லாதவர் என்றால் இங்கே வசிப்பவர்களுக்கான அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடியைக் காட்டி எடுத்துவிடலாம். சட்டப்படி சுத்தமான ஏற்பாடு, முன்பு பக்கத்து எமிரேட்டான அஜ்மான் வரை போய் பாட்டிலை மறைத்துக் கொண்டுவந்த காலத்தோடு பார்த்தால் எவ்வளவோ மேல். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குடும்பம் ஊரில் இருக்க, ரூமில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, ஒரு கையில் ரீல்ஸும் ஒரு கையில் கிளாஸுமாக நள்ளிரவு வரை போகிறவர்களை எனக்கு நேரில் தெரியும். பாரில் குடித்தால் விலை ஒரு தடை, பஸ் நேரம் ஒரு தடை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் ஒரு தடை. "போதும்ணே, நாளைக்கு டூட்டி இருக்கில்ல" என்று சொல்ல பரிமாறுகிற தம்பியாவது இருந்தான். ரூமில் சொல்வதற்கு ஆள் இல்லை. வாரக்கணக்கில் ஒருவரைப் பார்க்கவில்லை என்றால் "அவரைக் காணோமே, உடம்புக்கு என்ன?" என்று கேட்க ஒரு மேசை இருந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் பேசாமல் இருக்கிறவரை யாரும் தேடுவதில்லை.

ஆப் என்றாலே தீமை என்று சொல்ல வந்தவன் இல்லை நான். டாக்ஸி ஆப் இந்த ஊரின் இரவு வாழ்க்கைக்குச் செய்தது பெரிய காரியம், அதை எந்த மேடையிலும் சொல்வேன். இங்கே குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கு அளவு, வரம்பு என்று எதுவும் இல்லை. ஒரு சொட்டு இருந்தாலும் குற்றம். அபராதம் மட்டுமே குறைந்தது 20,000 திர்ஹாம், ஜெயிலும் உண்டு, வெளிநாட்டுக்காரனுக்கு வேலையும் விசாவும் சேர்ந்து போகலாம். அப்படியிருந்தும் அந்தக் காலத்தில் ஓட்டினார்கள். காரணம், ராத்திரி மூன்று மணிக்கு பார் மூடும்போது மெட்ரோ இருக்காது, வாசலில் டாக்ஸி கிடைக்காது. ஷார்ஜா என்றால் நின்ற டாக்ஸியும் கிளம்பிவிடும். கார்லிஃப்ட் என்று லைசென்ஸ் இல்லாத வண்டியில் முன்பின் தெரியாதவனோடு ஏற வேண்டும். 2012-இல் துபாயிலேயே தொடங்கிய கரீம், அப்புறம் வந்த ஊபர், 2019-இல் துபாய் அரசின் போக்குவரத்துத் துறையான ஆர்டிஏவும் கரீமும் சேர்ந்து கொண்டுவந்த ஹலா டாக்ஸி என்று வரிசையாக வந்தபோது சாவியை வீட்டில் வைத்துவிட்டு வருவது சாதாரணமாகிவிட்டது. நம் காரை நாமே ஓட்டாமல் வீடு வரை கொண்டுபோய்ச் சேர்க்க டிரைவரை மட்டும் அனுப்புகிற ஆப்களும் இருக்கின்றன.

பெண்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். என்னோடு வேலை பார்க்கும் பெண்கள் ராத்திரி வெளியே போனால் வண்டி நம்பரும் போகிற வழியும் தோழியின் போனில் ஓடிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் எட்டு மணிக்கே எழுந்து போனவர்கள் இப்போது கச்சேரி முடிகிற வரை இருக்கிறார்கள். இது ஒன்றுக்காகவே அந்த ஆப்கள் இருக்கட்டும்.

டேட்டிங் ஆப்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. இரண்டு பேர் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டு வந்து ஒரு மூலையில் உட்காருகிறார்கள், மற்ற மேசைகளோடு அவர்களுக்குப் பேச்சில்லை. அது அவர்கள் வாழ்க்கை.

ஆனால் பாட்டும் டான்ஸும் இருக்கிற பார்களில் மேடையில் நிற்கிற பெண்களின் போனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பிளாஸ்டிக் மாலை வாங்கி மேடைக்கு அனுப்புகிற பழக்கம் தெரிந்திருக்கும். எத்தனை மாலை விழுந்தது என்பதில்தான் அந்தப் பெண்ணின் மதிப்பு. முன்பு பார் மூடினால் அவர்கள் வேலை முடிந்தது. இப்போது பகலில் தூங்க வேண்டிய நேரத்தில், நேற்று வந்தவர்களுக்கெல்லாம் "இன்னைக்கு வர்றீங்களா?" என்று வாட்ஸ்அப் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வேலை நேரம் இருபத்து நாலு மணி நேரமாகிவிட்டது. அந்தச் செய்தி வந்தால் தன்மேல் ஆசை என்று நினைத்துக்கொள்கிற அண்ணன்மார்களுக்குச் சொல்கிறேன், அது அந்தப் பிள்ளையின் டியூட்டி. அதே போன்தான் சிலரைக் காப்பாற்றியும் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்பு, விழா ஏற்பாட்டுக் கம்பெனியில் வேலை என்று சொல்லித் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட நாலு பெண்களை இங்கே ஒரு டான்ஸ் பாரில் அடைத்துவைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வீட்டுக்குச் செய்தி அனுப்ப, இந்தியத் துணைத் தூதரக அதிகாரிகளும் போலீஸும் போய் மீட்டார்கள். அதனால் போனைப் பிடுங்க வேண்டும் என்று நான் எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டேன். மேடையில் இருக்கும் பெண்ணின் கையில் கட்டாயம் இருக்க வேண்டிய பொருள் அது.

ஹோட்டல் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: வாரத்தில் ஒரு நாளாவது எல்லாக் கூப்பனையும் நிறுத்திவிட்டு மெனு விலையை எல்லோருக்கும் ஒரே அளவாகக் குறைத்துப் பாருங்கள். ஆப் இல்லாதவரும் வருவார், வந்தவரே திரும்ப வருவார். ஊரில் பழைய ஆளாகிவிட்ட நாமும் ஒன்று செய்யலாம். புதிதாக விசிட் விசாவில் வந்திருக்கிற ஒரு தம்பியை மாசத்துக்கு ஒரு தடவை நம் மேசைக்குக் கூட்டிப் போய் நாலு பேரிடம் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தலாம். அவன் ஜூஸ் குடித்தால் போதும். லிங்க்ட்இன்னில் நூறு பேருக்கு பயோடேட்டா அனுப்பிவிட்டுப் பதில் வராமல் ரூமில் படுத்திருப்பவனுக்கு "எங்க ஆபீஸில் கேட்கிறேன்" என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது எவ்வளவு தெம்பு என்று அந்த நிலையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

கூப்பன் போட்டுத்தான் குடிப்பேன் என்றால் போடுங்கள். பில்லில் தள்ளுபடிக்கு முந்தைய தொகை தனியாக அச்சாகியிருக்கும், டிப்ஸை அந்தத் தொகைக்குக் கணக்குப் போடுங்கள். கார்டில் சேர்க்காமல் நோட்டாக அவர் கையிலேயே கொடுங்கள். கொடுக்கும்போது பெயரையும் கேளுங்கள்.