எங்கள் தெருவில் ஒரு கவுன்சிலர் தாத்தா இருந்தார்

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லோரும் அவரைக் ‘கவுன்சிலர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் அதுதான் அவர் பெயர் என்று நினைத்திருந்தேன். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று யார் போய் நின்றாலும், மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அழகான கையெழுத்தில் மனு எழுதிக் கொடுப்பார். அவர் பதவி 1973லேயே போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்.

1973 டிசம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில். நடுவில் ஏறக்குறைய 23 வருடம். அதற்குள் திமுக, அதிமுக, கவர்னர் ஆட்சி எல்லாம் வந்து போயின. யாருக்கும் அவசரமில்லை. ‘தனி அலுவலர்’ என்று ஓர் அரசு அதிகாரியைப் போட்டு நகரத்தை ஓட்டிவிட்டார்கள்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் போதும், வாட்ஸ்அப்பில் உத்திரமேரூர் குடவோலை வந்துவிடும். அந்தக் கல்வெட்டில் பெருமைப்பட நிறையவே இருக்கிறது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் வாரியத்துக்கு, அதாவது ஊர்க்குழுவுக்கு, வர முடியாது என்கிறது. (குடத்துக்குள் பெயர் விழ நிலமும் வேதப் படிப்பும் வேண்டும் என்பதையும் சேர்த்து ஃபார்வர்டு செய்தால் நன்றாக இருக்கும்.) ஆனால் நம் மாநகராட்சி அந்தக் குடத்திலிருந்து வரவில்லை. லண்டனில் இருந்த ஒரு வியாபாரக் கம்பெனியின் வரவு செலவுக் கவலையிலிருந்து வந்தது.

1680களில் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வீட்டு வரி போட்டபோது, கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் பட்டணத்து மக்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். கோட்டைச் செலவுக்குப் பணம் வேண்டும், கேட்டால் சண்டை வருகிறது. கம்பெனியின் பெரிய தலையான ஜோசையா சைல்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். உள்ளூர் ஆட்களையும் ஆங்கிலேயரையும் கலந்து ஒரு கார்ப்பரேஷன் வைத்துவிடலாம். நாம் அதட்டிக் கேட்டால் ஆறு பென்னிகூடத் தராதவர்கள், தாங்களே போட்டுக்கொண்ட வரி என்றால் ஐந்து ஷில்லிங்கை மனமுவந்து தருவார்கள். லண்டனிலிருந்து சென்னைக்கு வந்த கடிதத்தின் சாரம் இதுதான். ஐந்து ஷில்லிங் என்றால் அறுபது பென்னி. பத்து மடங்கு! இந்த மனிதரின் வியாபார மூளையை மெச்சத்தான் வேண்டும்.

1687 டிசம்பர் 30ஆம் தேதியிட்ட சாசனம் வந்தது. 1688 செப்டம்பர் 29 அன்று மாநகராட்சி தொடங்கியது. நத்தானியல் ஹிக்கின்சன் முதல் மேயர். அவருக்குக் கீழே மூத்த உறுப்பினர்களாக 12 ஆல்டர்மேன்கள், சாதாரண உறுப்பினர்களாக 60 பர்ஜஸ்கள். ஆல்டர்மேன்களில் ஆங்கிலேயர், போர்த்துகீசியர், யூதர், இந்துக்கள் எல்லோரும் உண்டு. மேயருக்கும் ஆல்டர்மேன்களுக்கும் சிவப்பு அங்கி, மற்றவர்களுக்கு வெள்ளைச் சீனப் பட்டு. சென்னை வெயிலில் அந்த அங்கியை நினைத்தாலே வியர்க்கிறது. இவ்வளவு செய்தும் வரி மட்டும் ஒழுங்காக வசூலாகவில்லை. தாங்களே போட்ட வரியா, தங்கள் தலையில் கட்டிய வரியா என்பது ஜனங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அதற்கப்புறம் இருநூறு வருடத்துக்குச் சட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. 1878இல்தான் 32 உறுப்பினர்களில் பாதிப் பேரைத் தேர்ந்தெடுக்க விட்டார்கள், அதுவும் வரி கட்டுகிறவர்கள் மட்டும்தான் ஓட்டுப் போடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது 1919ஆம் ஆண்டுச் சட்டம். மன்றம், நிலைக்குழு, கமிஷனர் என்று மூன்று அதிகார அமைப்புகளைச் சொல்லி, நிர்வாகம் நடத்தும் அதிகாரத்தைக் கமிஷனர் கையில் கொடுத்தது. கமிஷனரை அனுப்புவது அரசு. மேயரோ மன்றமோ அல்ல. 2023இல் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை நூறு வருடத்துக்கு மேல் சென்னை அந்தச் சட்டத்தில்தான் ஓடியது. வந்த புதுச் சட்டத்திலும் கமிஷனர் நாற்காலி அசையவில்லை.

அந்த 1919 சட்டத்துக்குள் நின்றுகொண்டே ஒருவர் என்ன செய்தார் என்றும் சொல்ல வேண்டும். 1920இல் மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட மன்றத்தில் ஒப்புதல் வாங்கினார். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. பசியோடு வகுப்பில் உட்காரும் குழந்தை யார் என்று தெருவுக்குத் தெரியும், மன்றத்துக்குத் தெரியும். கோட்டைக்குத் தெரியாது. திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. 1925இல் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்யக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. நின்றுபோனது.

இதை ஒரு பக்கம் வைத்துவிட்டு அந்த 23 வருடத்தைப் பாருங்கள். குடிநீரும் கழிவுநீரும் 1978 சட்டத்தின் மூலம் மெட்ரோ வாட்டர் என்ற குடிநீர் வாரியத்துக்குப் போயின. நகரத் திட்டமிடல் சிஎம்டிஏ என்ற பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்குப் போனது. தனி வாரியங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நகரத்தைத் தாண்டிப் புறநகரையும் சேர்த்துப் பார்க்க ஓர் அமைப்பு வேண்டியதுதான். ஆனால் மன்றம் இல்லாத நேரத்தில் மெட்ரோ வாட்டர் பிறந்தது. ‘எங்கள் வார்டுக்கு என்ன ஆகும்’ என்று எழுந்து நின்று கேட்க ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. கேட்பாரில்லாத வீட்டில் பாத்திரம் ஒவ்வொன்றாக அடுத்த வீட்டுக்குப் போவது மாதிரிதான் இது.

74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு தேர்தல், கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதியாயிற்று. சரி, இனி தப்பிக்க முடியாது என்று நம்பினோம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. இட ஒதுக்கீடு வழக்கு, வார்டு மறுவரையறை என்று இழுத்து 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. அதுவரை மறுபடியும் தனி அலுவலர். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதும் ஆட்சிக்கு ஆட்சி மாறும். 1996லும் 2001லும் நேரடி, 2006இல் மறைமுகம், 2011இல் நேரடி, 2022இல் மறுபடி மறைமுகம்.

கவுன்சிலர்களெல்லாம் உத்தமர்கள் என்று நான் வாதாட வரவில்லை. 1973 கலைப்புக்கும் ஊழல் புகார்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் சட்டமன்றத்தின் மீது புகார் வந்தால் இருபது வருடம் பூட்டி வைக்க யாராவது ஒத்துக்கொள்வோமா? மாநகராட்சியை மட்டும் பூட்டலாம் என்று நமக்கு எப்படித் தோன்றியது?

1996இல் நானும் அவரும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். எனக்கு அது முதல் கவுன்சிலர் ஓட்டு. ஜெயித்த பையன் சால்வையோடு அவரைப் பார்க்க வந்தான், நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். தாத்தா வாழ்த்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “இப்போ கமிஷனர் யாருப்பா?”