பஞ்சாயத்து பேசக் கிளம்புறதுக்கு முன்னாடி இந்த விளையாட்டை ஒரு தடவை ஆடிப் பாருங்க

புருசன் பொண்டாட்டி சண்டைக்குச் சமாதானம் பேசப் போற பெரியப்பா, மாமா, சித்தப்பா, ஊர்ப் பெரியவங்க எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி 'ஃபசாட்'னு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு இருக்கு, அதை ஒரு தடவை ஆடிட்டுப் போங்க. ஒரு ஆட்டத்துக்கு 20 நிமிசம் போதும்.

இது 2005-ல வந்தது. மைக்கேல் மடேயஸ், ஆண்ட்ரூ ஸ்டெர்ன்னு அமெரிக்காக்காரங்க ரெண்டு பேர் ஏறக்குறைய அஞ்சு வருசம் உக்காந்து உருவாக்கி, இலவசமாவே வெளியிட்டாங்க. துப்பாக்கி கிடையாது, கார் ரேஸ் கிடையாது. கிரேஸ், ட்ரிப்னு ஒரு தம்பதி. நீங்க ரெண்டு பேருக்கும் பழைய சிநேகிதம். வீட்டுக்கு வான்னு கூப்பிட்டிருக்காங்க. கதவைத் தட்டப் போகும்போதே உள்ள வாக்குவாதம் நடக்குறது காதுல விழுகுது. அன்னைக்கு ராத்திரி அந்தக் கல்யாணம் தப்புமா, உடையுமாங்கிறதுதான் ஆட்டம். நீங்க கீபோர்டுல இங்கிலீசுல தட்டுறதுதான் உங்க பேச்சு. அதுக்கு ரெண்டு பேரும் வாயைத் திறந்து பதில் சொல்லுவாங்க.

யூடியூபுல இதை வச்சு சிரிக்கிறவங்கதான் அதிகம். 'மெலன்'னு (முலாம்பழம்) ஒரு வார்த்தை தட்டினா ட்ரிப் அரண்டுபோய் நம்மளை வெளிய தள்ளிருவான். அது ரொம்பப் பிரபலம். சிரிப்பு வர்றது நிசம்தான். மத்தவங்க வீட்டுச் சண்டைக்கு நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிற நிலைமை பயங்கரமாவும் இருக்கு, சிரிப்பாவும் இருக்கு. ஆனா சிரிப்போட விட்டுட்டா இதோட அருமை தெரியாமப் போயிரும்.

என் லேப்டாப்புல இதை ஏத்திக் கொடுத்தது அக்கா மகன். விண்டோஸ் நீலக் கட்டத்துல 'யார் செஞ்ச புரோகிராம்னு தெரியல'ன்னு தடுக்கும். 'மோர் இன்ஃபோ'வை அழுத்தி 'ரன் எனிவே' கொடுத்தா வழி விட்டுரும். ஆப்பிள்ல 2019-க்குப் பிறகு வந்த சிஸ்டத்துல பழைய 32 பிட் புரோகிராம் ஓடாது, அதனால விண்டோஸ்தான் நல்லது. ஆரம்பத்துல நம்ம பேரை நாமளா அடிக்க முடியாது, பட்டியல்ல ஒண்ணை எடுத்துக்கணும். ஒவ்வொரு பேரையும் நடிகர்கள் குரல்ல முன்னாடியே பதிவு பண்ணி வச்சிருக்காங்க.

உள்ள போனதும் கொஞ்ச நேரத்துல கிரேஸ் வீட்டு அலங்காரத்தைப் பத்தி நம்மகிட்ட கருத்து கேப்பா. சோபா சரியில்ல, எதுவுமே அமையலன்னு அவளே குறை சொல்லிக்கிட்டு இருப்பா. ட்ரிப் இத்தாலிக்குப் போனப்ப எடுத்த போட்டோவைக் காட்டி ஒரே வார்த்தையில சொல்லுன்னு நிப்பான். அப்புறம் என்ன குடிக்கிறன்னு கேக்குறதுலயே ஒரு சண்டை. இது எல்லாம் சும்மா உபசாரப் பேச்சு மாதிரிதான் தோணும். ஆனா அந்த நேரம் நாம சொல்ற ஒவ்வொண்ணையும் யார் பக்கம் சாயுறோம்னு விளையாட்டு கணக்கு வச்சுக்கிட்டே இருக்கு. சோபா நல்லா இருக்குன்னு சொன்னாக்கூட அது ஒரு கட்சிதான்.

முக்கியமான விசயம் அதுக்கு அப்புறம் வருது. பாதி ஆட்டம் தாண்டினதும் கணக்கு மாறிருது. இனிமே யார் பக்கம் நிக்கிறோம்ங்கிறதுக்கு மதிப்பு இல்ல. அவங்க ரெண்டு பேரும் தன்னைப் பத்தியும் தங்களுக்குள்ள என்ன நடக்குதுங்கிறதைப் பத்தியும் புதுசா எதையாவது ஒத்துக்கிறாங்களா, அதுக்கு நம்ம பேச்சு உதவுதாங்கிறதுதான் கணக்கு. அது போதுமான அளவு நடந்தா, 'நாங்க தனியாப் பேசணும், நீ கிளம்பு'ன்னு நம்மளை அனுப்பி வச்சிருவாங்க. அதுதான் ஜெயிப்பு. மூணாவது மனுசனோட வேலை ஒழுங்கா முடிஞ்சா, அந்த மனுசன் வெளிய இருக்கணும். இதை இவ்வளவு தெளிவா எந்தப் பெரியவரும் எனக்குச் சொன்னதில்ல.

நான் ஆடும்போது அம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க. உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து வளந்தவங்க, இங்கிலீசு தெரியாது. யார் என்ன சொல்றான்னு நான் சொல்லிக்கிட்டே வந்தேன். கொஞ்ச நேரம் திரையையே பாத்தவங்க, "அந்தப் பிள்ள வீட்டையே சுத்திச் சுத்திக் குறை சொல்லுது பாரு. அதுக்கு வலி வேற எங்கயோ இருக்குடி. அதக் கேளு"ன்னாங்க. கிரேஸுக்கு ஓவியராகணும்னு ஆசை இருந்துச்சு, அது நடக்கல. கதையோட முடிச்சுகள்ல ஒண்ணு அது. அம்மாவுக்கு அது தெரியாது. 'இப்பவும் படம் வரையிறியா?'ன்னு தட்டினேன். கிரேஸ் முகம் மாறிருச்சு. ட்ரிப் குறுக்க பாஞ்சு பேச்சை வேற பக்கம் திருப்பப் பாத்தான். "அவன வாய மூடச் சொல்லு, அவ பேசட்டும்"னு அம்மா திரையைப் பாத்துச் சத்தம் போட்டாங்க.

இந்த ஒரு வாக்கியத்தை நம்ம பஞ்சாயத்துகள்ல நான் கேட்டதே இல்ல. திருமங்கலம் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுல ஒரு பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தேன். வாசல்ல பிளாஸ்டிக் சேர் போட்டு ஆம்பளைங்க எல்லாம் வட்டமா உக்காந்திருந்தாங்க. காபி வந்துச்சு, வடை வந்துச்சு. கல்யாணத்துல தாய்மாமனுக்கு முறைப்படி மாலை போடலைங்கிறதுல ஆரம்பிச்சு, காதுகுத்துக்குச் செய்முறை குறைஞ்சு போச்சுங்கிறது வரைக்கும் பேசினாங்க. பொறந்த வீட்டுல கொண்டுவந்து விட்ட பொண்ணு அடுப்படி நிலைப்படியில சாஞ்சுக்கிட்டு, சேலை முந்தானை நூலைப் பிச்சுக்கிட்டே நின்னா. கடைசியில அவளைப் பாத்து ஒரே ஒரு கேள்வி: "என்னத்தா, கெளம்புறியா?" அது கேள்வியும் இல்ல. பையை முன்னாடியே யாரோ எடுத்து வச்சிருந்தாங்க.

கல்யாணங்கிறது ரெண்டு பேர் சமாச்சாரம் மட்டும் இல்லங்கிறது இந்த ஊருக்கு நல்லாவே தெரியும். அழகர் கதையே அதுதானே. தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு மலையிலிருந்து புறப்பட்டு வர்றார், கல்யாணம் முடிஞ்சு போச்சுன்னு கேட்டதும் கோவிச்சுக்கிட்டு வண்டியூருக்குப் போயிர்றார்னு சின்ன வயசுலருந்து கேட்டு வளந்திருக்கோம். அண்ணனுக்கும் மாமனுக்கும் வருத்தம் வரும், அதுக்கு மதிப்புக் கொடுக்கணும். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த வருத்தத்தை எல்லாம் பேசித் தீத்து, கை குலுக்கி, சாப்பிட்டு முடிச்சிட்டு, வாழப் போற பொண்ணுகிட்ட 'அனுசரிச்சுப் போம்மா'ன்னு மட்டும் சொல்றது அநியாயம்.

'இட் டேக்ஸ் டூ'ன்னு 2021-ல வந்த இன்னொரு விளையாட்டு இதைவிடப் பேர் வாங்கினது. அந்த வருசம் 'தி கேம் அவார்ட்ஸ்'ல வருசத்தோட சிறந்த விளையாட்டு விருது அதுக்குத்தான். விவாகரத்து பண்ணப் போற கோடி, மே தம்பதி, மகளோட கண்ணீர் பட்டு பொம்மையாயிருவாங்க. பேசுற புத்தகம் ஒண்ணு வந்து அவங்களைச் சேத்து வைக்கணும்னு பாடாப் படுத்தும். ரெண்டு பேர் சேந்துதான் ஆட முடியும், அழகாச் செஞ்சிருக்காங்க. இருந்தாலும் எனக்கு அந்தப் புத்தகத்தைக் கண்டாலே ஆகல. ரெண்டு பேரும் வேண்டாம்னு சொல்லும்போதும் விடாமச் சேத்து வைக்கிறது, பிள்ளை அழுகுறதைக் காட்டிக் கட்டிப் போடுறது, இதை எல்லாம் நம்ம சொந்தத்துல நிறையப் பாத்தாச்சு. ஃபசாட்ல சில ஆட்டம் பிரிவுல முடியும். ஒருத்தர் கதவைத் திறந்துக்கிட்டுப் போயிருவாங்க. அதையும் ஒரு முடிவா அது ஏத்துக்குது. அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு.

ஒண்ணு அழுத்திச் சொல்லணும். இந்த விளையாட்டுல கை நீட்டுறது கிடையாது. அடி விழுகிற வீட்டுக்கு இதுல சொன்ன எதுவும் பொருந்தாது. அங்க வட்டமா உக்காந்து பேசுறதே தப்பு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்குற சட்டம் 2005-லயே நிறைவேறி, 2006 அக்டோபர்லருந்து அமல்ல இருக்கு. வீடு யார் பேர்ல இருந்தாலும், புருசனோட சேந்து வாழ்ந்த வீட்டுல இருக்குறதுக்கு மனைவிக்கு உரிமை உண்டுன்னு அந்தச் சட்டம் சொல்லுது. பாதுகாப்பு அலுவலர்கிட்ட புகார் கொடுக்கலாம், பெண்களுக்கான உதவி எண் 181-க்குக் கூப்பிடலாம். அப்படிப்பட்ட வீட்டுக்குப் போற பெரியவங்க செய்ய வேண்டியது அந்தப் பொண்ணையும் பிள்ளைகளையும் பத்திரமான இடத்துக்குக் கூட்டிட்டு வர்றது. 'கெளம்புறியா'ன்னு திரும்ப அனுப்புறது இல்ல.

மத்த வீடுகளுக்குத்தான் இந்தப் பதிவு. பேச்சு நின்னுபோன வீடு, சோபாவுக்கும் சாம்பாருக்கும் சண்டை வர்ற வீடு, ரெண்டு பேரும் நல்லவங்களா இருந்தும் ஒரே அறையில உக்கார முடியாத வீடு. அங்க போறவங்க முதல்ல அந்தப் பொண்ணையும், அப்புறம் அந்தப் பையனையும் தனித்தனியா, மத்தவங்க யாரும் இல்லாம, முழுசாப் பேச விடுங்க. நடுவுல தீர்ப்பு சொல்லாதீங்க. மாலையையும் செய்முறையையும் அடுத்த நாள் வச்சுக்குங்க.

விளையாட்டை ஏத்தத் தெரியாதவங்க இன்பாக்ஸ்ல கேளுங்க, படிப்படியா எழுதி அனுப்புறேன். இங்கிலீசுல தட்டச் சிரமப்படுறவங்க வீட்டுல காலேஜ் படிக்கிற பிள்ளைங்களைப் பக்கத்துல வச்சுக்குங்க, அவங்களும் பாத்துக் கத்துக்கட்டும். உங்க சொந்தத்துல யாராவது ஒரு பெரியவர் அந்தப் பொண்ணை முதல்ல பேச விட்டிருந்தா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கீழ எழுதுங்க. பேர், ஊர் எதுவும் வேண்டாம்.